குளிர்காலத்துக்கு முன் தனிப் பட்டறை: அடித்தளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டை ஒட்டாமல் தனியே நிற்கும் பட்டறை ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரைப் பற்றித்தான் முதலில் பேசத் தொடங்குகிறார்கள். மரச்சட்டமா, இரும்புத் தகடா, சிமென்ட் கல்லா என்று செலவையும் தோற்றத்தையும் வைத்து நாள்கணக்கில் யோசித்துவிட்டு, அடித்தளத்தை மட்டும் ‘ஒரு கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மண் உறையாத இடத்தில் இந்த வரிசையால் பெரிய கேடு எதுவும் வராது. ஆனால் இன்னும் எட்டோ பத்தோ வாரத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும் என்ற நிலையில் கட்டத் தொடங்குபவருக்கு, அந்த ஆண்டே கூரை ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது அடித்தளம்தான்.

இதை விளக்க, வேலைகளை ஈரவேலை, உலர்வேலை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். மண்ணைத் தோண்டுதல், கான்கிரீட் வார்த்தல், சாந்து வைத்துக் கல் அடுக்குதல், பூச்சு ஆகியவை ஈரவேலைகள். இவற்றில் தண்ணீர் இருப்பதால் உறைபனி வந்தபின் இவை நின்றுபோகும், அல்லது மிகுந்த செலவில் போர்வையும் சூடும் கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். சட்டம் அறுப்பது, பலகை அடிப்பது, வெப்பக்காப்பு திணிப்பது, மின்கம்பி இழுப்பது ஆகிய உலர்வேலைகளையோ, தலைக்கு மேல் கூரை மட்டும் இருந்துவிட்டால், கடுங்குளிரிலும் கையுறை போட்டுக்கொண்டு செய்யலாம். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு வழியையும், அதில் எத்தனை நாள் ஈரவேலை இருக்கிறது, அதைக் கூரைக்குப் பின்னால் தள்ளிப்போட முடியுமா என்ற இரண்டு கேள்விகளை முன்வைத்தே ஒப்பிடுகிறேன்.

ஒப்பீட்டுக்கு ஓர் அளவு வேண்டுமே என்பதற்காக 4 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் சுவர் உயரமும் கொண்ட மரவேலைப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேசை ரம்பத்தில் 2.4 மீட்டர் நீளமுள்ள முழுப் பிளைவுட்டை அறுக்க வேண்டுமானால் அலகுக்கு முன்னும் பின்னும் அதே நீளம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 6 மீட்டர் என்பது தாராளமான அளவு அன்று, போதுமான அளவு. வேலை செய்யப்போவது வீட்டுக்காரரும் அவருக்கு உதவியாக இன்னொருவரும், அதுவும் விடுமுறை நாள்களில்தான் என்று வைத்துக்கொள்கிறேன். மாலை நேரங்களை நம்ப வேண்டாம். பூமத்திய ரேகையிலிருந்து 50 பாகை தள்ளியிருக்கும் இடங்களில், இலையுதிர்காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடப் பகல் குறைகிறது. தொடங்கும்போது இருந்த மாலை வெளிச்சம் ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும். பத்து வாரம் என்பது நாட்காட்டியில் பெரிதாகத் தெரிந்தாலும், மழை நாள்களைக் கழித்தால் கையில் மிஞ்சுவது பதினைந்து பகல்கள் என்றே எண்ணித் திட்டமிடுவது நல்லது.

கட்டட அனுமதியைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. பரப்பு, உயரம், எல்லைக்கோட்டிலிருந்து விட வேண்டிய தூரம் ஆகிய மூன்றையும் பொறுத்தே பெரும்பாலான இடங்களில் அனுமதி தேவையா இல்லையா என்பது அமைகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மரம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மண்ணுக்குள் நடப்பது

உறைபனி அடித்தளத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் கட்டடத்தைத் தூக்குவது அந்த விரிவு மட்டும் அன்று. வண்டல் போன்ற நுண்ணிய மண்ணில், உறைந்த அடுக்கு கீழேயிருந்து ஈரத்தை மேலும் மேலும் உறிஞ்சித் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியை வளர்க்கிறது. அந்தப் பனித் தட்டுகள் மேலே இருப்பதைச் சில சென்டிமீட்டர் வரை தூக்கிவிடும். வசந்தத்தில் உருகும்போது மண் கூழாகித் தொய்ந்து, கட்டடம் ஒரு பக்கமாக இறங்கும். இது நடக்க நுண்மண், தண்ணீர், உறைகுளிர் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் போதும். உறை ஆழத்துக்கு, அதாவது குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கு, கீழே போவது குளிரைத் தவிர்க்கும் வழி. ஜல்லி கொட்டி வடிகால் அமைப்பது தண்ணீரைத் தவிர்க்கும் வழி. எல்லா அடித்தள முறைகளும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் துண்டிக்கின்றன.

முதலில் கான்கிரீட் தளம். 10 சென்டிமீட்டர் தடிப்பில் 24 சதுர மீட்டர் வார்க்க, விளிம்புகளைத் தடித்து வார்ப்பதைச் சேர்க்காமலே 2.4 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எடையில் 6 டன்னை நெருங்கும். 36 கிலோ உலர்கலவை மூட்டை ஒன்று ஏறத்தாழ 17 லிட்டர் தரும் என்பதால், கையால் கலப்பதானால் 140 மூட்டைகளைப் பிரிக்க வேண்டும். முதல் மூட்டை இறுகத் தொடங்கும்போது கடைசி மூட்டை இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கும். கலவை லாரி வாசல் வரை வர வழியில்லாத மனையில் இந்த ஒன்றே தளத்தை விலக்கப் போதுமான காரணம்.

வெப்பமான இடங்களில் கட்டட வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு, வார்த்த கான்கிரீட் வெயிலில் காய்ந்துவிடக் கூடாது, தண்ணீர் கட்டி வைக்க வேண்டும் என்பதே முதல் கவலை. குளிரில் கவலை வேறு. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகும் வினை வெப்பநிலை குறையக் குறைய மந்தமாகிறது. ஏறத்தாழ 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகிறது என்பது கொத்தர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. காற்றின் வெப்பநிலை 4 அல்லது 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் அதைக் குளிர்காலக் கான்கிரீட்டாகக் கருதித் தனிக் காப்பு கொடுக்க வேண்டும். கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் வலுவை எட்டுவதற்குள் ஒருமுறை உறைந்துவிட்டால், பின்னால் எவ்வளவு நாள் சூட்டில் வைத்தாலும் இழந்த வலு திரும்பாது. 10 டிகிரியில் காத்தால் அந்த அளவை ஏறத்தாழ 2 நாளில் எட்டும் என்பதால், வார்த்த முதல் மூன்று இரவுகள்தான் ஆபத்தானவை. காப்புப் போர்வை அவற்றுக்காகத்தான். உறைந்த மண்ணின்மேல் வார்ப்பது மட்டும் எந்தப் போர்வையாலும் திருத்த முடியாத தவறு, ஏனென்றால் உருகும்போது அடியிலிருந்த பிடிமானமே போய்விடும். வேகமாக இறுகக் கால்சியம் குளோரைடு சேர்க்கலாமே என்பார்கள்; உள்ளே கம்பி கட்டியிருந்தால் அது கம்பியை அரிக்கும், வேண்டாம்.

இவ்வளவு குறை சொன்னாலும், பத்து வாரம் முழுதாகக் கையில் இருந்து, லாரியும் வர முடியுமானால், தளத்துக்கு இணையான தரை வேறில்லை. வார்ப்பிரும்பு மேசை கொண்ட 250 கிலோ ரம்பத்தை எங்கு வேண்டுமானாலும் உருட்டிச் செல்லலாம், தரை அதிராது. அடியில் ஈரத்தடுப்புத் தாளும், 5 சென்டிமீட்டர் கடினத் தெர்மாகோல் பலகையும், விளிம்பைச் சுற்றி மண்ணுக்குள் கிடைமட்டமாக அதே பலகையும் பதித்துவிட்டால், ஆழமாகத் தோண்டாமலே மண் உறைவதைத் தடுக்கலாம். வடக்கு ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலமாகப் பழகிய முறை இது. அந்தப் பலகையை மிச்சம் பிடிக்க நினைப்பவர் பின்னர் ஒவ்வொரு குளிர்காலமும் பாதங்களில் அதன் கணக்கைத் தீர்ப்பார். இன்னொன்று, உளி கான்கிரீட்டில் விழுந்தால் எப்போதும் முனைதான் முதலில் படும். மேசையருகே ரப்பர் விரிப்பு போடாத தளத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, மண்திருகு. நீளமான துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயின் நுனியில் திருகுப் புரி இருக்கும். அதைச் சிறு இயந்திரம் கொண்டு உறை ஆழத்துக்குக் கீழே வரை முறுக்கி இறக்குவார்கள். 2 மீட்டர் இடைவெளியில் 12 திருகுகள் நம் அளவுக்குப் போதும். அவற்றை ஒரே நாளில் இறக்கிவிடலாம், மறுநாளே மேலே உத்திரம் வைக்கலாம். காத்திருப்பு இல்லை, ஈரவேலையும் இல்லை. மண் மேலாக மெல்ல உறைந்திருந்தாலும்கூட இயந்திரம் துளைத்துவிடும். தடை ஒன்றே: பாறையோ பெருங்கற்களோ உள்ள மண்ணில் திருகு கோணிக்கொண்டு நிற்கும். ஓர் இரும்புக் கம்பியைப் பல இடங்களில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும்.

திருகின் மேல் வருவது மரத்தரை. 40 சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டைகள், இடையில் வெப்பக்காப்பு, மேலே இரண்டடுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். நாள் முழுதும் நிற்பவரின் முழங்காலுக்கு இது கான்கிரீட்டைவிட எவ்வளவோ இதமானது. கனமான இயந்திரம் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அந்த இடத்தில் கட்டைகளை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது இதன் விலை. தரைக்கு அடியில் காற்று ஓடும் என்பதால் வெப்பக்காப்பை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கப் பலகையும், எலி ஏறாமல் இருக்க நெருக்கமான கம்பிவலையும் அடிக்க வேண்டும். இந்த வலையைத் தரை போட்ட பிறகு மல்லாந்து படுத்து அடிப்பதைவிடத் துன்பமான வேலை கட்டட வேலையில் குறைவு. முதலிலேயே அடித்துவிடுங்கள்.

மூன்றாவது வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஆனால் காலம் குறைவாக இருப்பவருக்கு இதுவே பொருத்தமாக அமையக்கூடும்: மண்ணில் நேரடியாகத் தூண் நட்டு, அதன்மேலேயே கூரையை ஏற்றுவது. ஏறத்தாழ 2.4 மீட்டருக்கு ஒரு தூண் என்று உறை ஆழத்துக்குக் கீழே வரை குழி தோண்டி, குழியின் அடியில் கான்கிரீட் வில்லையோ ஜல்லியோ இட்டு, தூணை நட்டு, மண்ணை இடித்து நிரப்புவார்கள். தரை வேலை கூரைக்குப் பின்னால் போய்விடுகிறது என்பதுதான் இதன் பெருமை. முதல் குளிர்காலத்தை ஜல்லித் தரையிலேயே ஓட்டிவிட்டு, வசந்தத்தில் கூரைக்கு அடியில், மழைக்கும் வெயிலுக்கும் பயப்படாமல் தளம் வார்க்கலாம். இதன் பலவீனம் தூண் மண்ணைச் சந்திக்கும் அந்த ஒரு சாண் உயரம். காற்றும் ஈரமும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவென்பதால் மரம் அங்கேதான் உளுத்துப்போகும். மண்ணில் புதைப்பதற்கென்றே அழுத்தத்தில் மருந்தேற்றிய மரத்தைத் தவிர வேறெதையும் நடக் கூடாது. அதிலும் அறுத்த முனையை மண்ணுக்குள் விடாமல் மேல்பக்கம் வைக்க வேண்டும்.

ஜல்லி மேடை அமைத்து அதன்மேல் கனத்த கட்டைகளை இட்டு முழுக் கட்டடத்தையும் மிதக்க விடுவது நான்காவது வழி. சிறு கொட்டகைக்கு இது நல்ல முறைதான். 24 சதுர மீட்டர் என்றால், பருவந்தோறும் சற்று ஏறி இறங்குவதை ஏற்றுக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆப்பு வைத்து மட்டம் சரிசெய்யும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே.

சுவரும் கூரையும்

மரச்சட்டச் சுவரைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. சுவரைத் தரையில் படுக்கவைத்து ஆணியடித்து, இருவர் சேர்ந்து நிமிர்த்தலாம். தவறாகப் போன சன்னலை அறுத்து மாற்றலாம். அலமாரியை எந்தச் சட்டத்திலும் திருகலாம். சட்டங்களின் இடைவெளி வெப்பக்காப்புக்குத் தானாகவே இடம் தருகிறது. தவறு நேரக்கூடிய இடம் மூலைமட்டம். 4 க்கு 6 மீட்டர் செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 7.21 மீட்டர் வர வேண்டும். 2 சென்டிமீட்டர் பிசகினால் கைமரம் ஏற்றும்போது முகட்டில் அது பல மடங்காகத் தெரியும். இலையுதிர்கால மழையில் நனைந்த சட்டத்தை அவசரமாக மூடிவிடவும் கூடாது. ஈரமானியை அழுத்திப் பார்த்து 19 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே வெப்பக்காப்பும் உள்பலகையும் போட வேண்டும். இல்லையேல் சுவருக்குள் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

அடுத்தது, துளையிட்டு எண்ணிட்டுப் பெட்டியில் வரும் இரும்புத் தகட்டுக் கட்டடம். நான்கைந்து நாளில் எழும்பிவிடும் என்ற விளம்பரம் பொய்யில்லை. அடித்தளம் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் சதுரமாகவும் மட்டமாகவும் இருந்தால் மட்டும் அது உண்மை என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தளம் கோணியிருந்தால் கடைசித் தகட்டின் துளையும் சட்டத்தின் துளையும் பாதி நிலவுபோல ஒன்றையொன்று விலகி நிற்கும். அப்போது துரப்பணத்தால் துளையைப் பெரிதாக்குவதைத் தவிர வழியிருக்காது, பெரிதாக்கிய துளையின் வழியே மழை வரும். வாங்கும் முன் கூரை எவ்வளவு பனிப்பாரம் தாங்கும் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறுகிய பனி, கன மீட்டருக்கு 200 கிலோ என்று கொண்டால், நம் 24 சதுர மீட்டர்க் கூரையின் மேல் ஏறத்தாழ 1.4 டன் அழுத்தும். அதில் ஒரு மழையும் பெய்தால் எடை இன்னும் கூடும்.

இரும்புத் தகட்டின்மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், படிப்பவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். என் முதல் பட்டறை வெறும் தகட்டுக் கொட்டகை. குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றைப் பற்றவைத்து இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, இழைப்பு இயந்திரத்தின் மேசையை வழக்கம்போல் துடைத்துப் பளபளப்பாக விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது கூரையின் அடிப்பக்கம் முழுதும் துளித்துளியாக நீர் கோத்திருந்தது. மேசையின்மேல் ஒவ்வொரு துளி விழுந்த இடத்திலும் காசளவு வட்டமாகச் செம்மண் நிறத் துரு. மழை பெய்யவில்லை. தெளிந்த இரவில் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளே நான் விட்ட ஈரம் அதில் படிந்து சொட்டியிருக்கிறது. 20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 9 டிகிரி அளவில் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். புகைபோக்கி இல்லாத அடுப்பில் 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேர்கிறது. நான் அறையைச் சூடாக்கவில்லை, அதற்குள் மழையைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். மூடிய அறையில் அத்தகைய அடுப்பு கார்பன் மோனாக்சைடும் விடும் என்பது துருவைவிடப் பெரிய செய்தி. அன்று தலைவலி மட்டும் வந்ததோடு போயிற்று.

அடிப்பக்கம் கம்பளித்துணி ஒட்டிய தகடுகள் இப்போது கிடைக்கின்றன. அந்தத் துணி இரவில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பகலில் விட்டுவிடும். சூடாக்காத கொட்டகைக்கு அது போதும். சூடாக்கப்போகும் பட்டறைக்குத் தகட்டின் உள்பக்கம் முழுதாக வெப்பக்காப்பும் அதற்கும் உள்ளே ஆவித்தடுப்புத் தாளும் வேண்டும். இரும்பு வெப்பத்தை மரத்தைவிட 400 மடங்கு கடத்தக்கூடியது என்பதால் ஒவ்வொரு இரும்புச் சட்டமும் உள்வெப்பத்தை வெளியே கடத்தும் குளிர்ப்பாலமாக நிற்கும். அதையெல்லாம் சரிசெய்து முடிக்கும்போது, மிச்சம் பிடித்த நாள்கள் கைவிட்டுப் போயிருக்கும்.

சிமென்ட் கற்சுவர் அமைதியானது. இரவில் ரம்பம் ஓட்ட வேண்டியவருக்கு, அடுத்த வீடு நெருக்கமாக உள்ளவருக்கு, அதன் எடையே ஒலித்தடுப்பு. ஆனால் 45 சதுர மீட்டர்ச் சுவருக்கு 40 க்கு 20 சென்டிமீட்டர் முகமுள்ள கற்கள் ஏறத்தாழ 560 வேண்டும். ஒவ்வொன்றும் 15 கிலோவுக்குக் குறையாது. அந்த 8 டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்க உறை ஆழத்துக்குக் கீழே போன கடைக்கால் வேண்டும், பிறகு வரிசை வரிசையாகச் சாந்து வேண்டும், ஒவ்வொரு வரிசையும் 5 டிகிரிக்கு மேல் இறுக வேண்டும். முழுவதும் ஈரவேலை. வசந்தத்தில் தொடங்குபவருக்கு நான் இதை மறுக்க மாட்டேன். இலையுதிர்காலத்தில் தொடங்குபவருக்கு எந்தக் கணக்கிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கப்பல் கொள்கலனை வாங்கி வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். 20 அடிக் கொள்கலனின் உள்ளகலம் 2.35 மீட்டர். இரு பக்கமும் வெப்பக்காப்பும் பலகையும் போட்டால் 2.2 மீட்டருக்கும் குறைவு. பிளைவுட்டைக் குறுக்காகத் திருப்பக்கூட முடியாத இடம், மேலும் அது முழுக்க முழுக்க இரும்பு. பொருள்களைப் பூட்டி வைக்க அருமையானது.

சூடு எவ்வளவு வேண்டும்

அடித்தளத்துக்கு அடுத்தபடியாகச் சிந்தனை தேவைப்படுவது இங்கேதான், ஆனால் இதை முதல் ஆண்டிலேயே முடித்தாக வேண்டியதில்லை. வெளியே மைனஸ் 7, உள்ளே 18 டிகிரி என்று 25 டிகிரி வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். சுவர்ச் சட்டங்களுக்கிடையே 9 சென்டிமீட்டர் கனிமக் கம்பளியும், மேற்கூரையில் அதைவிடக் கூடுதலாகவும், தரையில் தெர்மாகோலும் இட்டு, இடுக்குகளை அடைத்த நம் பட்டறைக்கு, காற்றுக் கசிவையும் சேர்த்து ஏறத்தாழ 1,300 வாட் சூடு போதும் என்று கணக்கு வருகிறது. அதே அளவில் வெறும் தகட்டுச் சுவரும் கூரையும் இருந்தால், கசிவைச் சேர்க்காமலே 11,000 வாட்டைத் தாண்டுகிறது. முன்னதைச் சாதாரண மின்சூடாக்கி ஒன்றே சமாளிக்கும். பின்னதற்கு எந்தச் சூடாக்கியும் போதாது என்றே தோன்றும். எந்தச் சூடாக்கி வாங்குவது என்று மாதக்கணக்கில் ஒப்பிடுபவர்கள் அந்தப் பணத்தில் பாதியைக் கம்பளியில் போட்டால் ஒப்பிடவே தேவையிருக்காது.

சூடாக்கும் வழிகளில், மரவேலைக்கு விறகடுப்பு கவர்ச்சியானது. கழிவுத்துண்டுகள் எல்லாம் எரிபொருளாகும். ஆனால் மிதக்கும் மரத்தூளும் திறந்த தீயும் ஒரே அறையில் இருப்பதற்குக் காப்புறுதி நிறுவனம் ஒப்புமா என்று முதலில் கேட்க வேண்டும். வெப்பப் பம்பு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த சூடு தரும், தூள் அதன் வடிகட்டியை அடைத்துவிடும் என்பதால் வாரந்தோறும் கழற்றி உதறும் பழக்கம் வேண்டும். எதை வைத்தாலும், வேலை செய்யும்போது மட்டும் திடீரென்று சூடாக்கிப் பிறகு அணைப்பதைவிட, எப்போதும் 8 அல்லது 10 டிகிரியில் வைத்திருப்பதே கருவிகளுக்கு நல்லது. காற்று நிமிடங்களில் சூடாகிவிடும், வார்ப்பிரும்பு மணிக்கணக்கில் குளிர்ந்தே கிடக்கும்; அந்த இடைவேளையில்தான் ஈரம் படிகிறது. பெரும்பாலான வெண்ணிற மரப்பசைகளுக்கும் 10 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். ஒருமுறை உறைந்துபோன பசையும் நீர்வண்ணமும் பிறகு நம்பத்தக்கவை அல்ல.

தூள் உறிஞ்சியின் வாயை வெளியே விடலாமா என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. மணிக்கு 1,000 கன மீட்டர் இழுக்கும் உறிஞ்சி, 60 கன மீட்டர் கொண்ட நம் அறையின் சூடான காற்று முழுவதையும் நான்கு நிமிடத்துக்குள் வெளியே தள்ளிவிடும். குளிர்காலத்தில் நுண்வடிகட்டி வைத்து உள்ளேயே திருப்பிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மண் இறுகுவதற்குள் வாய்க்கால்

எந்தச் சுவரைத் தேர்ந்தாலும் ஓர் ஈரவேலையைத் தள்ளிப்போட முடியாது: வீட்டிலிருந்து பட்டறைக்கு மின்கம்பி போகும் வாய்க்கால். 2.2 கிலோவாட் ரம்பமும், 1.5 கிலோவாட் உறிஞ்சியும், 2 கிலோவாட் சூடாக்கியும் ஒரே நேரத்தில் ஓடினால் 230 வோல்ட்டில் 25 ஆம்பியர் ஆகிறது. நீட்டிப்புக் கம்பியால் நடத்தக்கூடிய காரியம் அன்று. தனிக் கிளைப்பெட்டியும் முறையான நிலத்தொடர்பும் வேண்டும், அதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட வேண்டும். ஆனால் வாய்க்காலை நாமே வெட்டலாம். ஏற்கெனவே புதைந்திருக்கும் குடிநீர், எரிவாயுக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதைக் கேட்டறிந்துவிட்டு, விதிப்படியான ஆழத்தில் தேவைக்கு ஓர் அளவு பெரிய குழாயாகவே பதித்து, உள்ளே ஓர் இழுகயிற்றை விட்டு, இரு முனையையும் அடைத்து, மேலே எச்சரிக்கை நாடா விரித்து மூடிவிட்டால், கம்பியை எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இணையக் கம்பிக்கென்று இன்னொரு சிறு குழாய் பதிப்பதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு பத்து நிமிடம்.

கதவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. என் இரண்டாவது பட்டறைக்கு 90 சென்டிமீட்டர்க் கதவு போதும் என்று நினைத்தேன். பட்டை ரம்பம் வந்த அன்று நிலைச்சட்டத்தையே பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். ஒன்றரை மீட்டர் இரட்டைக் கதவுக்குக் குறைவாக வைக்காதீர்கள்.

எத்தனை வாரம் இருக்கிறது

பத்து வாரமும் அதற்கு மேலும் இருந்து, லாரி வர வழியும் இருந்தால், வெப்பக்காப்புடன் கூடிய கான்கிரீட் தளம், அதன்மேல் மரச்சட்டச் சுவர். முதல் இரண்டு வாரத்துக்குள் தளம் வார்த்தாக வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரமும் இன்னும் கான்கிரீட் வார்ப்புக்குப் பலகை அடைத்துக்கொண்டிருந்தால், கைவிட்டு அடுத்த வழிக்கு மாறுவது தோல்வி அன்று.

ஆறு முதல் எட்டு வாரம் இருந்தால் என் தேர்வு மண்திருகும் மரத்தரையும் மரச்சட்டமும்தான். கனமான உலோக இயந்திரங்கள் வைப்பவராகவோ, மண் பாறையாகவோ இருந்தால் மட்டும் தூண் நட்ட கட்டடத்துக்குப் போவேன். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: முதல் பனிக்கு முன் கூரையும், வெளிப்பலகையும், காற்றுத்தடுப்புத் தாளும், பூட்டக்கூடிய கதவும். உள்வேலை முழுவதையும் குளிர்காலத்துக்கென்று மிச்சம் வைத்துவிடலாம். சன்னல் வராவிட்டால் அந்தத் திறப்பைப் பிளைவுட்டால் அடைத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நான்கு வாரமும் இல்லையென்றால் இந்த ஆண்டு கட்டாதீர்கள் என்றே சொல்வேன். பாதிச் சுவரோடு நின்று தார்ப்பாய் மூடிய கட்டடம் ஒரு குளிர்காலத்தில் படும் சேதத்தை வசந்தத்தில் திருத்துவதைவிடப் புதிதாகத் தொடங்குவது எளிது. அந்த நான்கு வாரத்தில் மின்வாய்க்காலை வெட்டிக் குழாய் பதித்துவிடலாம். மரத்தை இப்போதே வாங்கி, தரையிலிருந்து உயர்த்தி, அடுக்குகளுக்கிடையே குச்சி வைத்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் வசந்தத்தில் நன்கு உலர்ந்த சட்டம் கையிலிருக்கும். மண் இறுகும் முன் நான்கு மூலைகளிலும் முளையடித்து, மூலைவிட்டங்களை 7.21 மீட்டருக்குச் சரிபார்த்து, கயிறு கட்டி விட்டுவிடுங்கள். காற்று பனியை எந்தப் பக்கம் குவிக்கிறது, தாழ்ந்த வெயில் எந்த மூலையைத் தொடுகிறது, உருகும் வாரத்தில் தண்ணீர் அந்தக் கயிற்றின் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால், அடித்தளம் போடுவதற்கு முன்பாகவே முளைகளை இரண்டு மீட்டர் நகர்த்த வேண்டியிருப்பது தெரிந்துவிடும்.